கருத்தம்மா துடைத்தால் எழும் பெட்டி

மனித குலத்துக்கு ஒரு முக்கிய அறிவிப்பு. இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு, ஆயுத பூஜை கழிந்த செவ்வாய்க்கிழமை காலை, திருப்பூர் வேலம்பாளையத்தில் ஒரு கம்ப்யூட்டர் இரண்டாம் நாளாக எழுந்திருக்க மறுத்துவிட்டது. இதனால் பூமியின் சுழற்சிக்கு எந்தப் பாதிப்பும் இல்லை. பங்குச் சந்தை கவனிக்கவே இல்லை. ஆனால் ‘பெரியாத்தாள் நிட்டிங்’ கம்பெனி உரிமையாளர் கிட்டுசாமி காலைக் காபியைக் குடிக்காமல் வைத்துவிட்டார். வேலம்பாளையத்தில் பூமி நின்றிருந்தால்கூட இவ்வளவு பேச்சு எழுந்திருக்காது.

பத்தரை மணிக்கு ராயபுரத்தில், ஒரு பட்டன் கடையின் மாடியில் போன் அடித்தது. ‘சாமியப்பன் துப்பறியும் நிறுவனம். ரகசியம் காக்கப்படும்’ என்று அந்த மாடியில் எட்டடி நீளத்துக்கு ஒரு போர்டு உண்டு. ரகசியத்தை எட்டடிக்கு எழுதி வைத்தவர் சாமியப்பன், வயது ஐம்பத்திரண்டு. நாட்டையே உலுக்கும் சதி ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பது அவருடைய இருபது வருட ஆசை. இதுவரை கண்டுபிடித்தவை: பதினேழு மாப்பிள்ளைகள் சிகரெட் பிடிப்பது, காணாமல் போன ஒரு நூல் மூட்டை குடோனிலேயே வேறு மூலையில் இருந்தது.

அவருடைய உதவியாளர் செல்லத்தாய் சங்கரன்கோவில் பக்கத்துக்காரி. பன்னிரண்டு வருடம் பனியன் கம்பெனி செக்கிங் பிரிவில் நின்றவள். துணியை விளக்கு மேஜையில் போட்டு இழுத்து, எங்கே ஓட்டை என்று பார்க்கிற வேலை. இப்போது அதே வேலையைச் சாமியப்பனின் கருத்துகளில் செய்துவந்தாள்.

சாமியப்பன் போனை வைத்துவிட்டு எழுந்து நின்றார். பெரிய விஷயம் பேச உட்கார்ந்த நிலை அவருக்கு ஒத்துவராது.

“சதி, அம்மணி.”

“யாருக்கு அண்ணாச்சி?”

“ஒரு கம்ப்யூட்டருக்கு. ஆன் பண்ணுனா எந்திரிக்க மாட்டேங்குதாம்.”

“எங்க வீட்டுக்காரரும்தான் எந்திரிக்க மாட்டாரு. அதுக்கெல்லாம் நாம துப்பறியலையே.”

“இது எதிர் கம்பெனிக்காரன் வேலையாம். ஆளுகூட சிக்கியாச்சாம். பின்னால இருக்கற பெரிய கையி யாருதுன்னு மட்டும் நாம சொல்லோணுமாம்.”

பெரிய கை என்று சொல்லும்போது சாமியப்பனின் குரல் நடுங்கியது. இருபது வருடம் காத்திருந்த நடுக்கம்.

சிக்கிய ஆள் கம்பெனி கேட்டுக்கு வெளியே ஒரு டிரங்குப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். பெயர் கருத்தம்மா. ஆபீஸைக் கூட்டித் துடைக்கிறவள். நாற்பது வயதிருக்கும். பக்கத்தில் ஒரு பாய் சுருட்டு, ஒரு குடம், குடத்துக்குள் இரண்டு கரண்டி. சர்வதேசச் சதிகாரர்களுக்கு இவ்வளவு குறைந்த உடைமைகள் இருக்கும் என்று சாமியப்பன் எதிர்பார்க்கவில்லை.

செல்லத்தாய் அவள் பக்கத்தில் குந்தினாள். “எந்த ஊரு மைனி?”

“விளாத்திகுளம் பக்கம்.”

“ஏன் இங்கன உக்காந்திருக்கிய?”

“சாயங்காலம் ஆறு மணிக்குள்ள கம்பெனி ரூமைக் காலி பண்ணணும்னாவ. இப்பவே பண்ணிட்டேன். ஆனா எந்திரிக்க மாட்டேன். எவன்கிட்டயோ காசுக்குக் கைநீட்டிட்டு நான் பொட்டியக் கெடுத்துட்டேன்னு, செக்கிங்ல நாப்பது பேரு முன்னாடி மொதலாளி கத்துனாரு. அதே நாப்பது பேரு முன்னாடி, இல்லைன்னு சொல்லட்டும்.”

“நெசமா நீங்க என்னத்தப் பண்ணுனிய?”

“பூசைக்குப் பொட்டு வச்சேன். திங்கக்கிழமை தொடச்சேன். அம்புட்டுத்தான். இந்த ஊர்ல கெட்ட பேரு நமக்கு முன்னாடி பஸ் ஏறிப் போயிருது. நான் எங்க போயி எறங்குனாலும் அது வந்து நிக்கும்.”

சாமியப்பன் தன் நோட்டில், ‘சந்தேக நபர் உறுதியாக உட்கார்ந்திருக்கிறார்’ என்று எழுதிக்கொண்டார்.

உள்ளே கிட்டுசாமி எழுந்து வந்து வரவேற்றார். எவ்வளவு கோபத்திலும் மரியாதை குறையாத ஊர் அது.

“வாங்க, வாங்க. உக்காருங்க. அம்மணி, நீங்களும் உக்காருங்க. மோரு குடிக்கறீங்களா? அந்தப் பொம்பளைக்கு எவனுங்க காசு குடுத்தான்? பேரை மட்டும் சொல்லிப்போடுங்க, மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்.”

“வழக்கை மொதல்ல இருந்து கேக்கோணுங்களே” என்றார் சாமியப்பன்.

முதலில் இருந்து சொல்லும் பொறுப்பு மகன் கவினிடம் வந்தது. கவின் கோயமுத்தூரில் பி.ஈ. முடித்தவன். அவன் அறைக்கதவில் ‘இயக்குநர், தகவல் தொழில்நுட்பத் துறை’ என்று பித்தளைத் தகடு. அந்தத் துறையில் ஓர் இயக்குநரும் ஒரு கம்ப்யூட்டரும் இருந்தார்கள். இரண்டில் ஒன்று வேலை செய்யவில்லை. எது என்பதில் செக்கிங் பிரிவில் இரண்டு கருத்து நிலவியது.

“இது லினக்ஸ் சார்” என்றான் கவின். “வைரஸ் வராது. ஹேங் ஆகாது. உலகத்துலயே ஸ்டேபிளான சிஸ்டம். நானே செலக்ட் பண்ணுனேன். அதனால சிஸ்டத்துல தப்பு இருக்க சான்ஸே இல்லீங்க. ஹியூமன் எரர்தான்.”

“ஹியூமன்னா?”

“கருத்தம்மா.”

“இந்த ஆபீஸ்ல அவங்க ஒருத்தங்கதான் மனுசங்களா தம்பி?” என்று கேட்டாள் செல்லத்தாய்.

கவின் அதைக் காதில் வாங்காமல் தொடர்ந்தான். சனிக்கிழமை ஆயுத பூஜை. கம்ப்யூட்டருக்குச் சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை எல்லாம் போட்டது கருத்தம்மா. திங்கட்கிழமை காலை ஆன் செய்தால் பெட்டி பாதி வழியில் நின்றுவிட்டது. சந்தனத் தண்ணீர் உள்ளே இறங்கியிருக்க வேண்டும். வியாழக்கிழமை ஒரு கன்டெய்னர் தூத்துக்குடிக்குப் போக வேண்டும்; எந்த அட்டைப் பெட்டியில் எந்தச் சைஸ், எந்தக் கலர் குழந்தை பனியன் என்ற கணக்கு முழுதும் உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறது.

“சந்தனம்னா சதி எங்கீங்க வருது?” சாமியப்பனுக்குக் கவலை வந்துவிட்டது. விபத்தாக இருந்தால் அவர் ஸ்கூட்டரில் திரும்பிப் போக வேண்டியதுதான்.

கிட்டுசாமி குரலைத் தாழ்த்தினார். “அங்கதானுங்க விசயமே இருக்குது. திங்கக்கெழமை பொட்டி நின்னுபோச்சுங்களா? அப்ப அவ கீபோர்டுல இருந்த குங்குமத்தைத் துணியால தொடைச்சா. அவ தொடைக்கத் தொடைக்கப் பொட்டி ஓடுச்சுங்க! கைய எடுத்தா. நின்னுபோச்சு! மறுக்கா தொடைச்சா. ஓடுச்சு! நான் பெத்தவன் ரெண்டு கண்ணால பார்த்திருக்கறான்.”

“நான்தான் ஓடிப்போயி இழுத்து விட்டேன்” என்றான் கவின், தாய்நாட்டைக் காப்பாற்றியவனின் அடக்கத்தோடு.

“கையில என்னமோ வெச்சிருக்கறா. எவனோ குடுத்திருக்கறான்” என்று முடித்தார் கிட்டுசாமி.

சாமியப்பனின் முகம் மலர்ந்தது. ஸ்கூட்டர் இப்போதைக்குத் திரும்ப வேண்டியதில்லை.

சம்பவ இடம் பக்கத்து அறை. குற்றத்துக்கு ஆளான பெட்டி நெற்றியில் சந்தனப் பொட்டோடு சாந்தமாக இருந்தது. அதன் மேல் ஒரு காகிதம்: ‘எக்காரணம் கொண்டும் அணைக்கக் கூடாது. கிட்டுசாமி.’ சாமியப்பன் பொருட்காட்சியில் வாங்கிய பூதக்கண்ணாடியை எடுத்தார். அறையை இரண்டு முறை சுற்றினார். பிறகு கீபோர்டுக்கு அடியிலிருந்து எதையோ நிமிண்டி எடுத்து உயர்த்திப் பிடித்தார்.

“எலுமிச்சை விதை!”

எல்லோரும் பார்த்தார்கள்.

“பூசைக்கு எலுமிச்சம்பழம் வைக்காம பலாப்பழமா வைப்பாவ?” என்றாள் செல்லத்தாய்.

விதை குப்பைக்கூடைக்குப் போனது. “தம்பி, ஒருக்கா ஆன் பண்ணுங்க” என்றார் சாமியப்பன், ஒன்றும் நடக்காதது போல.

கவின் பொத்தானை அமுக்கினான். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் மடமடவென்று ஓடி, சட்டென்று நின்றன. அணைத்து மறுபடி ஆன் செய்தான். ஓடின, நின்றன. மூன்றாம் முறையும் அப்படியே.

செல்லத்தாய் திரையை விட்டு இம்மி நகரவில்லை. துணியில் ஓட்டை தேடிய அதே பார்வை. “மொதலாளி, ஒண்ணு கேக்கட்டா? துணியில எண்ணெய்க் கறை எப்படி விழும்?”

“அது இஷ்டத்துக்கு விழுகுமுங்க. இங்க ஒண்ணு, அங்க ஒண்ணு.”

“நிட்டிங் மெசின்ல ஒரு ஊசி ஒடைஞ்சு போச்சுன்னா?”

கிட்டுசாமி முதலாளி ஆவதற்கு முன் ஏழு வருடம் நிட்டிங் மெஷின் ஓட்டியவர். பதில் தானாக வந்தது. “துணி முழுக்க நூல் புடிச்சாப்பல ஒரே கோட்டுல வருமுங்க.”

“இந்தப் பொட்டி மூணு தடவையும் ஒரே வரியிலதான் நின்னுச்சு. எழுத்துக்கூட மாறல. சந்தனத் தண்ணின்னா கண்ட எடத்துல நிக்கணும்லா? இது கறை இல்ல மொதலாளி. ஊசி.”

கிட்டுசாமி மெதுவாக மகனைத் திரும்பிப் பார்த்தார். “அட, ஆமால்ல கண்ணு?”

“அப்பா, இது பனியன் இல்லீங்கப்பா. டெக்னிக்கலா…”

“டெக்னிக்கலா அந்தக் கடைசி வரியில என்ன எழுதியிருக்குது தம்பி?” என்று சாமியப்பன் குறுக்கிட்டார். “செத்தவன் கடைசியாச் சொன்னது என்னன்னு கேக்காம எந்தக் கேஸும் நகராது. மரண வாக்குமூலம்!”

கவினுக்கு முன்னால் செல்லத்தாய் படித்தாள். பன்னிரண்டு வருடம் வெளிநாட்டு லேபிள்களைப் படித்த இங்கிலீஷ் அது, நிதானமானது, பிழையில்லாதது. “டைம்னு ஆரம்பிக்கி. பொறவு கிளாக்னு வருது. ஏதோ வச்சாச்சுன்னு முடியுது.”

“அது சும்மா மெசேஜ் சார். எப்பவும் வர்றதுதான்.”

“எப்பவும் வர்றதை எப்பவாச்சும் பார்த்திருக்கறீங்களா?”

கவின் பார்த்ததில்லை. சாமியப்பன் அறையின் நடுவுக்கு வந்தார். ஒரு முடிவு அவருக்குள் உருண்டு திரண்டுகொண்டிருந்தது.

“கடியாரம்! இதுதான் துப்பு. ஏனுங்க, உங்களுக்குப் போட்டியா எவனாச்சும் கடியார மார்க் ஜட்டி போடறானுங்களா?”

கிட்டுசாமி உண்மையாகவே யோசித்தார். “யானை மார்க் இருக்குதுங்க. ரெட்டைப் புறா இருக்குதுங்க. கடியாரம் இல்லீங்களே.”

“அண்ணாச்சி” என்றாள் செல்லத்தாய் மென்மையாக. “ஜட்டிக்குள்ள போனா வெளிய வரமாட்டோம். மைனியக் கூப்பிட்டு இன்னொரு தரம் தொடைக்கச் சொல்லுவோமா?”

கவின் எதிர்த்தான். தடயம் அழியும் என்றான். “அழியறதுக்கு இன்னும் என்ன கண்ணு இருக்குது?” என்று கேட்டுவிட்டுக் கிட்டுசாமியே கேட்டுக்கு ஆள் அனுப்பினார். கருத்தம்மா வந்தாள். யாரையும் பார்க்கவில்லை. இடுப்பில் செருகியிருந்த துணியை எடுத்தாள்.

“கையிக்குள்ள என்ன இருக்குதுன்னு காட்டச் சொல்லுங்க” என்றார் கிட்டுசாமி.

கருத்தம்மா இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். பினாயில் நெடிதான் இருந்தது. கவின் பெட்டியை ஆன் செய்தான். அது வழக்கமான வரியில் வந்து நின்றது. கருத்தம்மா கீபோர்டைத் துடைத்தாள். எழுத்துகள் ஓடின. கையை எடுத்தாள். நின்றன. துடைத்தாள். ஓடின.

“பார்த்தீங்களா! பார்த்தீங்களா!” கிட்டுசாமி இரண்டடி பின்னால் போனார்.

செல்லத்தாய் சாமியப்பன் காதில் செருகியிருந்த பென்சிலை உருவினாள். அதன் முனையால் ஒரு பொத்தானைக் குத்தினாள். ஒரு வரி ஓடியது. மறுபடி குத்தினாள். இன்னொரு வரி.

கிட்டுசாமி குனிந்து பென்சில் முனையைப் பார்த்தார்.

“மொதலாளி, நீங்க ஒருக்கா அமுக்கிப் பாருங்க.”

கிட்டுசாமி ஆட்காட்டி விரலை வெந்நீருக்குள் விடுகிறவர் போல நீட்டி, அமுக்கினார். பெட்டி ஓடியது. அவர் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “என்ற கையிலயும் ஒண்ணுமில்லீங்களே!”

“உங்களுக்கு எவன் காசு குடுத்தான்?” என்றாள் செல்லத்தாய்.

கருத்தம்மா துணியை மடித்தாள். “யாரு தட்டுனாலும் ஓடும். நான் நேத்தே சொன்னேம்லா.”

“யாருகிட்ட சொன்னிய?”

“இந்தத் தம்பிகிட்டத்தான்.”

“நான்… ஜோக்னு நெனச்சேன்” என்றான் தகவல் தொழில்நுட்ப இயக்குநர்.

இந்த இடத்தில் சாமியப்பனைப் பாராட்டியே ஆக வேண்டும். பெரிய கை ஒன்று கண்ணெதிரே கரைந்துபோன துக்கத்திலும் அவர் மூளை ஒரு நிமிடம் வேலை செய்தது. எப்போதாவதுதான் செய்யும்; ஆனால் செய்தால் ஒழுங்காகச் செய்யும்.

“செத்தவன் தட்டுனா எந்திரிக்க மாட்டான். தூங்கறவன்தான் எந்திரிப்பான். இந்தப் பொட்டி சாகலைங்க. தூங்கிப்போகுது. தட்டுனா முழிச்சு ரெண்டு வேலை பாக்குது, மறுக்காத் தூங்குது. எழுப்பி விடறவன் எங்கயோ கோட்டை விட்டுட்டான். தம்பி, அந்தக் கடைசி வரியை அப்படியே இன்டர்நெட்டுல போட்டுப் பாருங்க.”

கவின் தன் லேப்டாப்பைத் திறந்தான். தட்டினான். படித்தான். இன்னும் கொஞ்சம் படித்தான். முகம் சாயப்பட்டறையில் வெளுக்கப் போட்ட துணி மாதிரி நிறம் இறங்கியது.

“என்னன்னு சொல்லு கண்ணு.”

“நிறையப் பேருக்கு இருக்குதுங்கப்பா. ஜெர்மனியில ஒருத்தர், பட்டனை அமுக்கிட்டே இருந்தாத்தான் பூட் ஆகுதுன்னு எழுதியிருக்காரு. கெர்னல்ல டைமர் புரோகிராமை மாத்தியிருக்காங்க. பழசுல ஒவ்வொரு நொடிக்கும் நூத்துக்கணக்குல டிக் வந்துட்டே இருக்கும். புதுசுல வேலை இல்லைன்னா டிக் வராது. சில மெஷின்ல சிப்பு தூங்கறப்ப அதோட டைமரும் சேர்ந்து நின்னுருதாம்.”

கிட்டுசாமி சாமியப்பனைப் பார்த்தார். சாமியப்பன் செல்லத்தாயைப் பார்த்தார். செல்லத்தாய், “நம்ம பாசையில சொல்லுங்க தம்பி. கெர்னல்னா யாரு?” என்றாள்.

“பெட்டிக்குள்ள எல்லாத்துக்கும் வேலை பிரிச்சுக் குடுக்கற மேஸ்திரி மாதிரிங்க.”

“அப்ப நான் சொல்லுதேன், சரியான்னு பாருங்க. பழைய மேஸ்திரி, வேலை இருந்தாலும் இல்லாட்டாலும் வாட்ச்மேனை விட்டு மணி அடிச்சுக்கிட்டே இருந்தாரு. யாரும் தூங்க முடியாது. புது மேஸ்திரி வந்தாரு. சும்மா எதுக்கு மணி, எல்லாரும் படுங்க, வேலை வந்தா வாட்ச்மேன் எழுப்பி விடுவான்னாரு. இந்தப் பொட்டியில வாட்ச்மேனும் சேர்ந்து படுத்துட்டான். அப்படித்தானே?”

“கிட்டத்தட்ட…”

“அப்ப பட்டனைத் தட்டுததுங்கது, போற வார ஆளு கேட்டை உலுக்குத மாதிரி. சத்தத்துல முழிச்சுக்கிடுதாவ.”

கிட்டுசாமிக்கு இப்போது முழுதும் புரிந்துவிட்டது. இருநூறு பேர் வேலை பார்க்கும் கம்பெனியில் வாட்ச்மேன் தூங்குவது அவருக்குப் புதிதல்ல. “செரி, அந்தப் புது மேஸ்திரியை வேலைக்கு வெச்சது ஆரு?”

கவின் லேப்டாப்பின் மூடியை ஆராய்ந்தான்.

“ஜூன் மாசம் ஒரு அப்டேட் போட்டேனுங்க” என்றான் கடைசியில். உடனே நிமிர்ந்தான், ஓட்டை ஒன்று தெரிந்துவிட்டது அவனுக்கு. “ஆனா ஜூன்ல போட்டதுங்க! நாலு மாசம் நல்லாத்தானே ஓடுச்சு? அப்டேட்தான் காரணம்னா ஜூன்லயே நின்னிருக்கோணுமே? நாலு மாசம் ஓடுன பெட்டி பூஜை முடிஞ்சதும் நிக்குதுன்னா, பூஜையிலதான் என்னமோ நடந்திருக்குது!”

பலமான வாதம். கிட்டுசாமி தலையாட்டத் தொடங்கினார். கருத்தம்மாவின் கை துணியை இறுக்கியது. செல்லத்தாய்கூட ஒரு கணம் ஓட்டை தேடித் தடுமாறினாள்.

சாமியப்பன் பூதக்கண்ணாடியை எடுத்தார். பெட்டியின் மேல் ஒட்டியிருந்த காகிதத்தை, எல்லோருக்கும் சாதாரணக் கண்ணுக்கே தெரிந்த அந்தப் பெரிய எழுத்துகளை, கண்ணாடி வழியாக நிதானமாகப் படித்தார்.

“‘எக்காரணம் கொண்டும் அணைக்கக் கூடாது.’ இது உங்க கையெழுத்துங்களா?”

“என்றதுதானுங்க. அணைச்சுப் போட்டா அப்பறம் இவனைத் தேடோணும். அதனால யூபிஎஸ் இருக்குது, கரண்டு போனா ஜெனரேட்டர் இருக்குது. ராத்திரி பகல்னு அது பாட்டுக்கு ஓடுமுங்க.”

“கடைசியா எப்பங்க அணைச்சீங்க?”

“சனிக்கெழமை. பூசைக்கு.”

“அதுக்கு முந்தி?”

கிட்டுசாமி விரல் விட்டு எண்ணப் பார்த்தார்; எண்ண ஒன்றும் இல்லை. “போன வருசம் பூசைக்குங்க. வருசத்துல ஒரே நாளு, ஊசியில இருந்து ஜெனரேட்டர் வரைக்கும் அத்தனைக்கும் லீவு. அன்னைக்கு ஒரு மெஷினும் ஓடக்கூடாது. எங்கப்பன் காலத்து வழக்கம்.”

சாமியப்பன் கண்ணாடியைச் சட்டைப் பையில் வைத்தார். வைக்கும்போது ஒரு முறை தவறியது, மறுபடி வைத்தார்.

“ஜூன் மாசம் தம்பி புது மேஸ்திரிக்கு ஆர்டர் குடுத்தாரு. அந்த மேஸ்திரி வந்து வெளிய பெஞ்சுல உக்காந்தாரு. ஆனா பழைய மேஸ்திரி சீட்டை விட்டு எந்திரிக்கவே இல்லீங்க. பொட்டி அணைஞ்சாத்தானே ஷிப்ட் மாறும்? ஜூன், ஜூலை, ஆகஸ்டு, செப்டம்பர், நீங்கதான் அணைக்கவே விடலையே! நாலு மாசமா ஓடுனது பழைய ஆளு. சனிக்கெழமை பூசைக்கு அணைச்சீங்க, அவரு ஊட்டுக்குப் போயிட்டாரு. திங்கக்கெழமைதான் புது ஆளு மொத மொதல்ல உள்ள வந்தாரு. வந்ததும் படுத்தாரு.”

கவின் லேப்டாப்பைப் பாதி மூடினான்.

“பழைய மேஸ்திரி இன்னும் பொட்டிக்குள்ள இருக்காரா தம்பி?” என்று கேட்டாள் செல்லத்தாய். “ஆன் பண்ணுனதும் ஒரு நொடி ரெண்டு வரி வந்துட்டுப் போகுது. மேல உள்ளதுக்குக் கடைசியில இருபத்தொண்ணு, கீழ உள்ளதுக்கு இருபது. மத்ததெல்லாம் ஒண்ணு போல. சைஸ் லேபிள்னு நெனச்சேன்.”

கவின் பெட்டியை அணைத்து ஆன் செய்தான். இரண்டு வரி வந்தது. அம்புக்குறியால் கீழே இறங்கி இருபதைத் தேர்ந்தெடுத்தான்.

“யாரும் தொடாதீங்க!” என்றார் சாமியப்பன். எல்லோரும் கையைத் தூக்கிக்கொண்டார்கள். கிட்டுசாமி இரண்டு கையையும் தூக்கினார்.

எழுத்துகள் ஓடின. வழக்கமான இடத்துக்கு வந்தன. தாண்டின. இன்னும் ஓடின. பிறகு திரை நீலமாகி, குழந்தை பனியன்கள் அத்தனையும் சைஸ் வாரியாக, கலர் வாரியாக வந்து நின்றன.

கிட்டுசாமி நீண்ட மூச்சு விட்டார். கையை இறக்கினார். பிறகு கருத்தம்மா பக்கம் திரும்பி, குரலை நன்றாகத் தணித்து, “செரி, போ கண்ணு. போயி வேலையப் பாரு. ரூம்புலயே இருந்துக்க” என்றார்.

கருத்தம்மா நகரவில்லை. “நாப்பது பேரு” என்றாள்.

“அதுதான் இங்க எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சே…”

“இங்க அஞ்சு பேருதான் மொதலாளி.”

கிட்டுசாமி உதவிக்குச் சாமியப்பனைப் பார்த்தார். பணக்கார வாடிக்கையாளர்கள் அப்படிப் பார்த்தால் சாமியப்பன் உடனே உதவுவது வழக்கம். அன்றைக்கு என்னவோ அவர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். “குத்தம் சொன்ன எடத்துலதானுங்க தீர்ப்பும் சொல்லோணும். இல்லீன்னா கேஸ் முடிஞ்சதா நான் எழுத முடியாது.”

செக்கிங் பிரிவில் நாற்பது தலைகள் நிமிர்ந்தன. கிட்டுசாமி விளக்கு மேஜைக்குப் பக்கத்தில் நின்று தொண்டையைக் கனைத்தார்.

“கம்ப்யூட்டர்ல சின்னப் பழுதுங்க. செரியாப் போச்சு.”

“கேக்கலீங்க மொதலாளி!” என்று பின்னாலிருந்து செல்லத்தாய் குரல் கொடுத்தாள். எந்தக் கம்பெனியானாலும் செக்கிங் பிரிவு அவளுக்குப் பழைய இடம், அவள் குரலுக்கு அங்கே தனி வலு.

கிட்டுசாமி சிவந்தார். பிறகு, ஏழு வருடம் நிட்டிங் மெஷின் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய பழைய குரல் வெளியே வந்தது.

“கருத்தம்மா எவன்கிட்டயும் கைநீட்டலை! பொட்டியையும் கெடுக்கலை! நாந்தான் தப்பாப் பேசிப்போட்டேன்!”

ஓரத்தில் ஒரு பெண், அப்பாவித்தனமாக, “அப்பக் கெடுத்தது ஆருங்க?” என்று கேட்டாள்.

நாற்பது தலைகளும் கிட்டுசாமியைப் பார்த்தன. கிட்டுசாமி மகனைப் பார்த்தார்.

“அது ஒரு கெர்னல் லெவல் இஷ்யூ…” என்று ஆரம்பித்தான் கவின். முடிக்க யாரும் விடவில்லை. அங்கே சிரிப்பு வெடி தீபாவளிக்கு முன்பே வெடித்துவிட்டது.

கருத்தம்மா நாற்பது முகத்தையும் ஒரு முறை பார்த்தாள். சுற்றிப் பார்த்து முடித்ததும் கேட்டுக்குப் போய் டிரங்குப் பெட்டியைத் தலையில் தூக்கி வைத்தாள்.

கிட்டுசாமி பின்னாலேயே வந்திருந்தார். “ரூம்பு அந்தப் பக்கம் கண்ணு.”

“அருள்புரத்துல ஒரு கம்பெனியில நாளைக்கு வரச் சொல்லியிருக்காவ மொதலாளி. நேத்தே பேசிட்டேன். அங்க ஏன் வேலைய விட்டேன்னு கேப்பாவ. கேட்டா சொல்லத்தான் ஒரு பதில் வேண்டியிருந்துச்சு.”

செல்லத்தாய் குடத்தை எடுத்துக்கொண்டாள். சாமியப்பன் பாயை எடுத்துக்கொண்டார். மூன்று பேரும் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார்கள்.

தீபாவளி நெருக்கம், ஆள் கிடைக்கவில்லை. பொங்கல் வரை ஆபீஸைக் கவின்தான் கூட்டினான்.